சாதாரண மாலை

பல் வாத்தியாரின் ஸ்கூட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் நின்றது. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அன்று காலை அவர் நிறுத்திய இடத்தில். மற்றது பிணவறைச் சுவரோரம், முந்தின நாள் நிறுத்திய இடத்தில். இரண்டிலும் அதே கீறல், அதே கிழிந்த இருக்கை, அழுத்தினால் தும்முகிற அதே ஹாரன். மருத்துவக் கல்லூரியின் வண்டி நிறுத்தக் காவலாளி இரண்டையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒரு டோக்கனுக்கு ஒரு வண்டிதான் என்று விதியைச் சொல்லி, இரண்டாவதற்கும் ஒரு டோக்கன் கொடுத்தார். வாத்தியாரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரே சாவி இரண்டுக்கும் பொருந்தியது. எதில் ஏறி வீட்டுக்குப் போனாலும் மற்றது அசையாமல் நின்றது. மறுநாள் இன்னொன்று சேர்ந்தது, அதற்கடுத்த நாள் இன்னொன்று. அந்த மாதச் சம்பளம் வருவதற்குள் கல்லூரி முதல்வர் தன் காரைத் தெருவில் நிறுத்தவேண்டியதாயிற்று. ஊழியர்கள் தத்தம் வாகனத்தை ஒரு நாளைக்கு ஓரிடத்தில் மட்டும் நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அது யாரைப் பற்றியது என்று யாரும் கேட்கவில்லை.

அவர் பல் டாக்டர் இல்லை. வாழ்நாளில் இதைச் சொன்ன அளவுக்கு வேறு எதையும் அவர் சொன்னதில்லை. மூளையின் உடற்கூறு நடத்துகிறவர். அதிலும் முழு மூளை அவருக்கு வாய்க்கவில்லை. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் அடிமடியில், கடற்குதிரை போலச் சுருண்டுகிடக்கிற ஒரு பகுதி இருக்கிறது. அந்தக் கடற்குதிரையை ஒட்டிப் படுத்திருக்கும் ஒல்லியான ஒரு மடிப்பு, அது மட்டும்தான் அவருடைய பிழைப்பு. அதன் ஓரம் பல்வரிசை மாதிரி மேடும் பள்ளமுமாக இருப்பதால் பல்மடிப்பு என்று வகுப்பில் சொல்லி, தனக்குத்தானே அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். குடியிருப்பில் கன்னம் வீங்கியவர்கள் எல்லாரும் அவர் வீட்டு மணியைத்தான் அடித்தார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் அலுத்துப்போய், உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதில் பலருக்குக் குணமும் ஆனதால் பெயர் நிலைத்துவிட்டது. முப்பது வருஷ ஆராய்ச்சியில் நான் ஆற்றிய ஒரே சிகிச்சை இதுதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த மடிப்பின் வேலை என்ன என்று விளக்க அவர் வண்டி நிறுத்தத்தைத்தான் உதாரணமாகக் காட்டுவார். நேற்று ஓரிடத்தில் நிறுத்தினீர்கள், இன்று வேறிடத்தில் நிறுத்தினீர்கள். வண்டி அதேதான், கொட்டகை அதேதான், நிறுத்திய ஆளும் அதே ஆள்தான். பக்கத்து வாசல் வழியாக இந்தச் செய்தி கடற்குதிரைக்குள் நுழையும்போது, நேற்றும் இன்றும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் நுழைகின்றன. பல்மடிப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பொடிப்பொடிச் செல்களில் பெரும்பாலானவை வாயே திறக்காது. ஒன்றிரண்டு மட்டும்தான் பேசும். நேற்றைக்கு ஒரு கூட்டம் பேசும், இன்றைக்கு வேறொரு கூட்டம். இப்படி ஒன்றுபோல இருப்பவற்றுக்கு வேறுவேறு டோக்கன் கிழித்துக்கொடுத்து, அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடுவதுதான் அதன் உத்தியோகம். அந்த அடுத்த பகுதியோ ஒரு நுனியைக் கண்டாலே முழுக்கதையையும் பின்னிவிடுகிற ஆசாமி. டோக்கன் சரியில்லை என்றால் நேற்றையும் இன்றையும் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக்கிக் கொடுத்துவிடும். பெரியவர்களான பிறகும் பல்மடிப்பில் புதுச் செல்கள் பிறக்கின்றன என்று ஒரு கட்சியும், எலிக்குப் பிறக்கலாம், மனிதனுக்கு இல்லை என்று ஒரு கட்சியும் இருந்தன. மாநாடுகளில் தேநீர் வேளையில் இரண்டு கட்சிக்காரர்களும் முகம் பார்க்க மாட்டார்கள். வாத்தியார் பிறக்கும் கட்சி. தன் தலைக்குள் பிறந்ததா என்று மட்டும் அவர் சோதித்ததில்லை.

ஸ்கூட்டர்கள் பெருகியபோது, கோளாறு தன் பல்மடிப்பில்தான் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மச்சானிடம் போனார். மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன், நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் டாக்டர். வாத்தியாரைக் குழாய்க்குள் படுக்கவைத்து, மூளையை மெல்லிய சீவல் சீவலாகப் படம் பிடித்து, வெளிச்சப் பலகையில் மாட்டிவைத்து இரண்டு பேரும் பார்த்தார்கள். மடிப்பு எங்கும் போய்விடவில்லை. அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதற்குள் வரிசையாக ஸ்கூட்டர்கள் நின்றன. "தேய்மானம் ஒண்ணும் இல்ல மாப்ள. இடம்தான் இல்ல," என்றார் மச்சான். அவர் எழுதிய அறிக்கை வாத்தியாரின் மேசை இழுப்பறையில் வெகுநாள் இருந்தது: மடிப்பின் வடிவும் கனமும் வயதுக்கு ஏற்றபடி உள்ளன, வாகனங்கள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் நிறுத்தப்பட்டுள்ளன, வேறு குறையில்லை. தான் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய உறுப்பு தன்னிடமே வேலைநிறுத்தம் செய்துவிட்டது வாத்தியாருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாணவர்களுக்குப் படத்தைக் காட்டினார். தேர்வில் கேள்வியாகவும் கேட்டார்.

வீட்டில் அது தொடங்கியபோதுதான் பெருமை போயிற்று. ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போனால் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், பால்கனிப் பக்கம் உட்கார்ந்து துணியும் மடித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். சமையலறையில் இருந்தவர் திரும்பாமலே சொன்னார். "அது நேத்து சாயங்காலத்து நான். பேசி முடிக்கட்டும், விடுங்க." அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். குடியிருப்பில் கண்ணாடியம்மா என்பார்கள். நாள் முழுக்க மனிதர்களின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருக்கா என்று கேட்பதுதான் அவர் தொழில். கல்யாணமான புதிதில் கணவரையும் அப்படி உட்காரவைத்துப் பார்த்தார். எந்த வில்லையைப் போட்டாலும், ரெண்டும் ஒண்ணுதான் என்றே வாத்தியார் சொன்னார். கண்ணாடியம்மா கடைசியில் தானாகவே ஒரு கணக்குப் போட்டு அவருக்குக் கண்ணாடி செய்துகொடுத்தார். அதைத்தான் இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்றைய மாலைக்குப் பின்னால் போன வார மாலைகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் போன மாதத்தவை, போன மழைக்காலத்தவை. கூடத்தில் இடம் போதாமல் நடைவழியில் உட்கார்ந்தார்கள், நடைவழியும் நிரம்பிப் படுக்கையறைக்குள் போனார்கள். எல்லாரும் கண்ணாடியம்மாதான். ஒருவர் துணி மடித்தார், ஒருவர் நகம் வெட்டினார், ஒருவர் பட்டன் தைத்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்தந்த மாலையில் கணவரிடம் பேசியதை எதிரே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு நாற்காலி இருந்தது. வாத்தியாரும் பல பேராக வந்து உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நாற்காலிகள் அத்தனையும் காலி. ஆனால் கண்ணாடியம்மா ஒவ்வொருவரும் பேசி நிறுத்துகிற இடத்தில், அந்தக் காலி நாற்காலியிலிருந்து வாத்தியாரின் குரல் "சரி" என்றது. குழாய் ஒழுகுதுங்க என்றாலும் சரி. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம் என்றாலும் சரி. நான் இன்னிக்குக் கடையில அழுதுட்டேங்க என்று ஒரு மாலை சொன்னது, அதற்கும் சரி. கீழ்வீட்டில் குடியிருந்த பெண்மணி, இரவு பகலாகக் கூரை வழியே இறங்கிவந்த இந்தச் சரிகளைக் கேட்டுவிட்டு, மேல்வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்துக்கோங்க என்று தன் கணவரை இடித்துக்கொண்டிருந்தாராம். வாத்தியார் அந்த மனிதரை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அசடு வழியச் சிரித்தார்.

இன்றைய கண்ணாடியம்மா இதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. பெருக்கும்போது தன் பழைய கால்களைத் தூக்கச்சொல்லிப் பெருக்கினார். நான் இவ்வளவு பேசறேனா என்று ஒருநாள் ஆச்சரியப்பட்டார், அவ்வளவுதான். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, காபியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கிழமை வண்டி வருதுங்க. சாமான் ஏத்தறவங்க எட்டு மணிக்கே வந்துடுவாங்க."

"சரி," என்றார் வாத்தியார். பழக்க தோஷத்தில் வந்த சரி. அது வாயைவிட்டு வெளியே போனபிறகுதான் காதில் விழுந்தது.

"அன்னிக்கு சொன்னேனே, நீங்களும் சரின்னீங்களே. ஞாபகம் இருக்குல்ல?"

"ஏன் இல்லாம? நல்லா இருக்கு."

எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரியாமல் குத்துமதிப்பாக வாசிக்கிறவர்களைக் கடையில் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிக் கண்ணாடியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைக்குப் போய்விட்டார். வாத்தியார் அறைக்குள் போய்ப் பார்த்தார். பரண்மேல் இருந்த பெட்டி இறங்கியிருந்தது. அட்டைப்பெட்டிகளில் மனைவியின் துணிகள், மனைவியின் புத்தகங்கள், வில்லைகள் அடுக்கிய மரப்பெட்டி எல்லாம் கட்டப்பட்டிருந்தன. அவருடைய சாமான் ஒன்றையும் யாரும் தொடவில்லை. செருப்பைக்கூடத் தொடவில்லை. ஆக, மனைவி வீட்டை விட்டுப் போகிறார். எங்கே போகிறார், ஏன் போகிறார், எத்தனை நாளைக்கு, இல்லை ஒரேயடியாகவா என்பதெல்லாம் ஏதோ ஒரு சாயங்காலம் அவரிடம் முறையாகச் சொல்லப்பட்டு, அவருடைய சம்மதமும் பெறப்பட்டிருக்கிறது. கேட்டுவிடலாம்தான். கேட்டால், அன்றைக்குக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டதாகும். ஞாபகசக்தியைப் பற்றி இரண்டு தடிமனான புத்தகம் எழுதியவருக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

மச்சானிடம் ஓடினார். மச்சானுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அவ சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"எதிர்லதான் உக்காந்திருந்தேன் மச்சான்."

"அப்ப கேட்டிருப்பீங்களே."

"அந்த மடிப்புல கோளாறுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

"வண்டி நிக்குதுன்னுதான் எழுதினேன். காது கேக்கலன்னு எழுதலியே." மச்சான் அடுத்த ஆளைக் குழாய்க்குள் அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்தார். "நான் சொல்ல மாட்டேன் மாப்ள. வீட்டுலதான் எல்லா சாயங்காலமும் உக்காந்திருக்கே. போய்க் கேளுங்க."

சரியான யோசனைதான். புதன்கிழமை வாத்தியார் விடுப்பு எடுத்தார். மனைவி கடைக்குக் கிளம்பிப் போனதும் வேலையைத் தொடங்கினார். சாதாரண மனிதன் என்றால் ஒவ்வொருவர் எதிரிலும் போய் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டிருப்பான். வாத்தியார் உடற்கூறு நிபுணர் அல்லவா, அவருக்கு ஒரு முறை தேவைப்பட்டது. மூளையை முன்னிருந்து பின்னாகச் சீவி, ஸ்லைடுகளில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி வரிசைப்படுத்தித்தான் அவருக்குப் பழக்கம். அதையே இங்கும் செய்தார். கையைப் பிடித்தால் மாலைகள் எழுந்துவந்தன, காட்டிய இடத்தில் உட்கார்ந்தன. பழையவற்றைப் படுக்கையறை ஜன்னலோரம் வைத்து, அங்கிருந்து நடைவழியாகக் கூடத்துக்கும், கூடத்திலிருந்து வாசல்வரைக்கும் கால வரிசையில் கொண்டுவந்தார். காகிதச் சீட்டில் அடையாளம் எழுதித் தோளில் ஒட்டினார். மழை, விரலில் கட்டு. மின்சாரம் இல்லை, மெழுகுவத்தி. ஜலதோஷம். புதுக் கத்தரிக்கோல். ஆனால் பெரும்பாலான மாலைகளில் குறித்துக்கொள்ள எதுவும் அவருக்குத் தென்படவில்லை. அதே நீல உடை, அதே கொண்டை ஊசி, அதே முகம். அவற்றுக்கெல்லாம் சாதாரண மாலை என்று எழுதினார். அந்தச் சீட்டு அதிகம் தேவைப்பட்டதால் முன்கூட்டியே ஒரு கற்றை எழுதி வைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் வேலை சூடுபிடித்தது. கூடத்தில், புத்தக அலமாரிப் பக்கம் ஒரு கண்ணாடியம்மா வரிசையில் சேராமல் நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். நீல உடை, கொண்டை ஊசி. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாலைகள் எல்லாமே ஏதாவது சொல்ல வாயெடுப்பவைதான் என்பதால் வாத்தியார் நிற்கவில்லை. கற்றையிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துத் தோளில் ஒட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

தேடியது கடைசியில் படுக்கையறையில்தான் கிடைத்தது. மழை, விரலில் கட்டு என்று அவரே சீட்டு ஒட்டியிருந்த மாலை. ஜன்னலுக்கு வெளியே அன்றைய மழை அந்த ஒரு கண்ணாடிச் சதுரத்தில் மட்டும் பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியம்மா மடியில் துணி இல்லை, கையில் ஊசி இல்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பேச வேண்டியதை முன்பே யோசித்து வைத்தவர்போல நேராக உட்கார்ந்திருந்தார். மற்ற மாலைகளில் அவர் இப்படி உட்காரவில்லை என்பது இப்போதுதான் வாத்தியாருக்குத் தெரிந்தது.

"மலைமேல ஒரு ஊர்ல கண் ஆஸ்பத்திரி தொறக்கறாங்க. என்னைப் பொறுப்பெடுத்துக்க வரச் சொல்றாங்க. எனக்கு ரொம்ப ஆசையா இருக்குங்க. ஆனா உங்கள விட்டுட்டுப் போறதுக்கு மனசு வரல. நீங்களும் வந்தா நல்லா இருக்கும். வர முடியலன்னா போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போகல, கோவிச்சுக்கவும் மாட்டேன். ரெண்டுல எதையாவது சொல்லுங்க. சும்மா சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சரி," என்றது நாற்காலி.

அந்த மாலையின் கண்ணாடியம்மா கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு திரும்பிவந்து, முழங்காலில் கைவைத்து உட்கார்ந்து, மலைமேல ஒரு ஊர்ல என்று மறுபடி தொடங்கினார். வாத்தியார் நின்றபடியே மூன்று தடவை கேட்டார். நான்காவது தடவை தாங்கமுடியாமல் அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அது அவருக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கண்ணாடியம்மா பேசி நிறுத்தியதும், நானும் வர்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள் அவருக்கு அடியிலிருந்து, நாற்காலிப் பலகையிலிருந்து, சரி என்று வந்துவிட்டது. கண்ணாடியம்மா ஜன்னலைச் சாத்தப் போனார். வாத்தியார் அழுதார். பிணவறையில் மாணவர்கள் மயங்கி விழுந்தபோதும், தன் புத்தகத்தை அச்சகத்தார் பல் மருத்துவ வரிசையில் போட்டபோதும் கலங்காத மனிதர், தான் இல்லாத ஒரு மாலையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த மாலைக்குப் பதில் சொல்ல முடியாது, அது முடிந்துபோனது. இன்றைய மனைவிக்குச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. கடையிலிருந்து வந்திருப்பாரோ என்று நடைவழிக்கு ஓடிவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல்வரைக்கும் நீல உடை, கொண்டை ஊசி, நீல உடை, கொண்டை ஊசி. இதில் வந்திருந்தால்தான் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எதிர்ப்பட்டவரிடம் நானும் வர்றேன் என்றார். அவர் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவரிடம் சொன்னார், அவர் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். இன்னொருவரிடம் குரலை உயர்த்திச் சொன்னார், எதிர் நாற்காலி அவருக்கும் சேர்த்துச் சரி என்றது. அப்போது புத்தக அலமாரிப் பக்கம் ஒருவர் எழுந்து நின்று, தோளிலிருந்து சீட்டை உரித்தெடுத்து நீட்டினார்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?"

வாத்தியார் வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான்.

"வாசிங்க."

"சாதாரண மாலை."

"ம்."

"நீ கடைக்குப் போகலியா?"

"மத்தியானமே வந்துட்டேன், மிச்ச சாமானைக் கட்டலாம்னு. நீங்க வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. கையப் புடிச்சு எத்தன காலமாச்சுன்னு நானும் பேசாம வந்து உக்காந்தேன். அப்புறம் சீட்டு ஒட்டிட்டுப் போயிட்டீங்க." குரலில் கோபம் இல்லை. கடையில் வில்லையின் எண்ணைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். "என்னதான் பண்றார்னு பாக்கலாம்னு அப்படியே உக்காந்திருந்தேன்."

வாத்தியாருக்கு மூளையில் தான் வெட்டிப் பார்க்காத இடம் ஏதாவது இருந்தால் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது. "நானும் வர்றேன்," என்றார்.

"எதுக்குச் சொல்றீங்க? இன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கலியே."

"அன்னிக்குக் கேட்டதுக்கு."

"அன்னிக்குத்தான் பதில் சொல்லிட்டீங்களே."

"அது நான் இல்ல. அந்த நாற்காலி." சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான சப்பைக்கட்டு என்று அவருக்கே தெரிந்தது. "நானா இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன். காதுல விழல. நீ சொன்ன எதுவுமே காதுல விழல. எல்லா சாயங்காலமும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்."

சுற்றிலும் பழைய மாலைகள் பேசிக்கொண்டிருந்தன. கண்ணாடியம்மா அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து மரப்பெட்டியை வெளியே எடுத்தார். வாத்தியாரை உட்காரச்சொல்லி, பழைய கண்ணாடியைக் கழற்றி, இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டினார். எழுத்துப் பலகை எதையும் தொங்கவிடவில்லை. அவரே நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். கிட்டே வந்து ஒரு வில்லையைப் போட்டார், தள்ளிப் போய் நின்றார், மறுபடி வந்து அதை எடுத்து இன்னொன்றைப் போட்டார்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருக்கா?"

ரெண்டும் ஒண்ணுதான் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாத்தியார் அதை விழுங்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"முன்னாடி இருந்தது. இதுல உன் இடது புருவத்துகிட்ட ஒரு தழும்பு இருக்கே, அது தெரியல."

"இப்ப?"

"இது. நீ அழுதிருக்கேன்னு இதுல தெரியுது."

"இப்ப?"

"முன்னாடி இருந்தது."

"தப்பு. இதுதான்." கண்ணாடியம்மா சட்டத்தைக் கழற்றினார். வெகுநேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பரவாயில்ல. எழுத்தே தெரியாம இருந்ததுக்கு ரெண்டு வரி வாசிச்சிருக்கீங்க. எட்டு மணிக்கு வண்டின்னு சொன்னேனே, உங்க புத்தகத்தையெல்லாம் இன்னிக்கே கட்ட ஆரம்பிங்க. ஒரு வண்டி பத்தாது போல."

வாத்தியார் கல்லூரிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். முதல்வர் அதை ஏற்றுக்கொண்ட வேகத்தில் கொஞ்சம் மரியாதைக்குறைவு இருந்தது. ஆனால் வண்டி நிறுத்த நிலவரத்தைப் பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்லவில்லை. ஸ்கூட்டர்களை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ஒரே சாவிக்கு இத்தனை வண்டி என்றதும் ஏலம் கேட்க வந்தவர்கள் நழுவிவிட்டார்கள். சாவி காவலாளியிடம் இருக்கிறது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகிறார்கள், திரும்பக் கொண்டுவந்து அந்தந்த நாளின் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பழைய வீட்டை ஒரு புதுத் தம்பதி எடுத்தார்கள். நல்ல காற்றோட்டம், தண்ணீர் வசதி, முந்தைய மாலைகள் உண்டு என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லி, வாடகையைக் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். காலி நாற்காலிகளில் அவர்கள் ஈரத் துணி உலர்த்துகிறார்கள். துணிக்கு அடியிலிருந்து வருகிற சரியும் அவர்களுக்குப் பழகிவிட்டது.

மலைமேல் வருஷங்கள் ஓடின. கண்ணாடியம்மாவின் ஆஸ்பத்திரியில் மூன்றாவது கட்டடம் எழும்பியது. வாத்தியார் அங்கே நர்ஸ் படிக்கிறவர்களுக்கு உடற்கூறு நடத்தினார். மேட்டில் ஏறியும் இறங்கியும் நடந்தே போனார். புது இடம், நடை இதெல்லாம் அந்த மடிப்புக்கு நல்லது என்று எலிகளை வைத்து அவரே எழுதியிருக்கிறார், இப்போதுதான் எலியாகப் போய்ப் பார்க்கிறார். மச்சான் வந்தபோது மறுபடி ஒரு படம் எடுத்தார். ஸ்கூட்டர்கள் அப்படியேதான் நின்றன, ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு வண்டி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. இது புதுச் செல்லா, வெறும் காலியிடமா என்று மச்சானும் மாப்பிள்ளையும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சாப்பாடு முடியும்வரை சண்டை போட்டார்கள். புது வீட்டில் சாயங்காலம் என்றால் ஒரு கண்ணாடியம்மாதான். அபூர்வமாக, வாத்தியார் அசந்திருந்த நாளுக்கு மறுநாள், இரண்டு பேர் இருப்பார்கள். நேற்றையவர் சொல்வதை அவர் உட்கார்ந்து முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும் அந்த மாலை எழுந்து போய்விடும்.

சாதாரண மாலை என்ற அந்தச் சீட்டைக் கண்ணாடியம்மா வில்லைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எல்லாரும் என்றால் இரண்டு பேர். நேற்று சாயங்காலம் மழை வருவதுபோல இருந்தது. கண்ணாடியம்மா கையில் பாதி பின்னிய கம்பளியை வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திடட்டுங்களா என்று கேட்டார். வாத்தியார் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"எந்த ஜன்னல்?" என்றார்.